கல்லூரியில் சிறப்பு விருந்தினர் உரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு கல்வியாண்டும் தொடங்கும்போது துறை மன்றங்களுக்குப் புதிய செயலாளர்கள் வருகிறார்கள். கூடவே அதே பழைய கேள்விகளும் வருகின்றன. யாரைக் கூப்பிடுவது, எவ்வளவு கொடுப்பது, கூட்டம் சேருமா, இதனால் எங்களுக்கு என்ன லாபம்? கடலோர மாவட்டம் ஒன்றின் கலை அறிவியல் கல்லூரியில் இந்த நிகழ்ச்சிகளை நெடுங்காலமாக ஒருங்கிணைத்து வருகிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

வெளியிலிருந்து ஒருவர் வந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போவதால் மாணவருக்கு அப்படி என்ன கிடைத்துவிடப் போகிறது?

உரையிலிருந்து மட்டும் என்றால், கொஞ்சம்தான். அந்த உரையைச் சாக்காக வைத்துக் கிடைக்கும் சந்திப்பிலிருந்து என்றால், நிறைய. கீழே வரும் பதில்கள் எல்லாம் இதை வைத்துத்தான் எழுதப்பட்டவை.

சென்னை மாநிலக் கல்லூரியில் நடந்ததைப் பாருங்கள். 1928-இல் ஜெர்மனி இயற்பியலாளர் ஆர்னால்டு சோமர்ஃபெல்டு இந்தியாவில் சுற்றுப்பயணம் வந்தபோது அங்கே உரையாற்றினார். அப்போது சுப்பிரமணியன் சந்திரசேகர் அந்தக் கல்லூரி மாணவர், பதினெட்டு வயதை ஒட்டியவர். அணு அமைப்பைப் பற்றிச் சோமர்ஃபெல்டு எழுதிய புத்தகத்தை ஏற்கெனவே கரைத்துக் குடித்திருந்தார். உரையோடு விட்டுவிடாமல், அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கே போய்ப் பார்த்தார். அங்கே முதலில் கிடைத்தது அதிர்ச்சிதான். அந்தப் புத்தகம் வந்த பிறகு இயற்பியலே தலைகீழாகிவிட்டது, ஷ்ரோடிங்கரும் ஹைசன்பர்க்கும் டிராக்கும் குவாண்டம் இயக்கவியலை உருவாக்கிவிட்டார்கள், நீ படித்ததெல்லாம் பழசாகிவிட்டது என்று சோமர்ஃபெல்டு போட்டு உடைத்துவிட்டார். பையன் முகம் தொங்கியிருக்க வேண்டும். ஆனால் அவர் அத்தோடு அனுப்பிவிடவில்லை. உலோகங்களில் எலக்ட்ரான்கள் பற்றி அப்போது அச்சேறாமல் இருந்த தம் கட்டுரையின் மெய்ப்புப் படியை எடுத்துக் கொடுத்தார். அதை வைத்து எலக்ட்ரான் போன்ற துகள்களுக்கான புதிய புள்ளியியலைத் தானே கற்றுக்கொண்டு சந்திரசேகர் எழுதிய ஆய்வுக் கட்டுரை, 1929-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் வெளியானது. நோபல் பரிசு வந்தது 1983-இல்.

மேடைப் பேச்சு அரங்கில் இருந்த எல்லாருக்கும் பொது. மெய்ப்புப் படி, தேடிப்போன ஒருவருக்கு மட்டும்.

அது மேதையின் கதை. எங்கள் கல்லூரியில் பாதிப் பேர் மூன்றரை மணி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இருப்பவர்கள். எங்களுக்கு இது பொருந்துமா?

உங்களுக்குத்தான் அதிகம் பொருந்தும். குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் மாணவர்களிடம் என்ன வேலைக்குப் போகப்போகிறாய் என்று கேட்டுப் பாருங்கள். டீச்சர், போலீஸ், பேங்க், ஐ.டி., இல்லையென்றால் குரூப் ஃபோர். திறமை இல்லாததால் அப்படிச் சொல்வதில்லை. வேறு வேலை செய்யும் ஆளை அவர்கள் நேரில் பார்த்ததே கிடையாது. மருந்துத் தர ஆய்வகத்தில் வேலை செய்பவரோ, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரோ, காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பை மதிப்பிடுபவரோ இவர்களின் உறவு வட்டத்தில் இருக்க மாட்டார்.

எங்கள் வணிகவியல் துறைக்கு ஒருமுறை பழைய மாணவி ஒருவர் வந்தார். சென்னையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஜி.எஸ்.டி. பிரிவில் வேலை. பிபிடி போட்டுக் கணக்குத் தாக்கல் முறைகளை நன்றாகவே விளக்கினார். கேள்வி நேரத்தில் அரங்கில் சத்தமே இல்லை. சாப்பாடு முடிந்து கை கழுவும் இடத்தில் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி மெதுவாகப் பக்கத்தில் போய், “அக்கா, சென்னைக்குப் போறதுக்கு வீட்ல எப்படி ஒத்துக்கிட்டாங்க?” என்று கேட்டாள். அதற்கு மேல் அந்த அக்கா கேண்டீன் பெஞ்சில் உட்கார்ந்து பேசியதுதான் அன்றைய உண்மையான உரை. எந்த மாதிரி லேடீஸ் ஹாஸ்டல், முதல் ஆறு மாதம் சம்பளத்தில் வாடகை போக எவ்வளவு மிஞ்சியது, அப்பா வந்து ஹாஸ்டல் வார்டனைப் பார்த்துப் பேசிவிட்டுப் போனது, ஞாயிற்றுக்கிழமை மெஸ் கிடையாது என்பது வரை சொன்னார். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பெண்கள் நின்று கேட்டார்கள். பஸ் போனதைக்கூட யாரும் பொருட்படுத்தவில்லை.

பாடத்தில் இருப்பதையே விருந்தினரும் வந்து சொல்கிறாரே?

தலைப்பை நீங்கள் அப்படிக் கொடுத்திருப்பீர்கள். “சந்தைப்படுத்தலின் கொள்கைகள்” என்று அழைப்பிதழில் போட்டால் அவரும் பாடப்புத்தகத்தைப் புரட்டிவிட்டுத்தான் வருவார். “எங்கள் ஊர் உப்பு, உற்பத்தியாளரிடமிருந்து மளிகைக் கடைக்கு எத்தனை கை மாறி வருகிறது” என்று கேட்டுப் பாருங்கள். அவருக்கும் பேச உற்சாகம் வரும்.

யாரை அழைக்கலாம்? பெரிய பதவியில் இருப்பவராக இருக்க வேண்டாமா?

வேண்டாம். பட்டியல் போடும்போது எல்லோரும் மேலே இருந்து தொடங்குகிறார்கள்: துணைவேந்தர், கலெக்டர், எஸ்.பி. கலெக்டருக்குக் கடைசி நேரத்தில் ஆய்வுக் கூட்டம் வந்துவிடும், அவருக்குப் பதில் வேறொருவர் வந்து பொதுவாக நாலு வார்த்தை வாழ்த்திவிட்டுப் போவார். குறை சொல்லவில்லை, அந்த நாற்காலியின் இயல்பு அப்படி.

எங்கள் விலங்கியல் துறை ஒருமுறை விசைப்படகு வைத்திருக்கும் மீனவர் ஒருவரை அழைத்தது. மேடையில் ஏறச் சொன்னபோது கூச்சப்பட்டார், அதனால் வகுப்பறையிலேயே நாற்காலி போட்டோம். மாணவர்கள் அண்ணாச்சி அண்ணாச்சி என்று சூழ்ந்துகொண்டார்கள். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று திசைக்கொரு காற்றைச் சொல்ல, ஒரு மாணவர் அதைக் கரும்பலகையில் திசை வரைந்து குறித்துக்கொண்டே போனார். எந்தக் காற்றில் கடல் எப்படி இருக்கும், அப்போது எந்த மீன் கரைப்பக்கம் வரும் என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பலகை நிரம்பிவிட்டது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பாடத்தில் அது “இனப்பெருக்கக் காலப் பாதுகாப்பு” என்று ஒரே வரியில் முடிந்துவிடும். அந்த 61 நாளில் படகை எங்கே ஏற்றி மராமத்து பார்ப்பார்கள், தடை முடிந்து முதல் நாள் டீசல் அடிக்க யாரிடம் கடன் வாங்குவார்கள், அந்தக் கடனுக்காகப் பிடித்த மீனை யாரிடம் என்ன விலைக்குக் கொடுத்தாக வேண்டும் என்று அவர் சொன்ன பிறகு, அந்த வரிக்குப் பின்னால் எத்தனை குடும்பம் இருக்கிறது என்பது தெரிந்தது. அந்த வகுப்பில் இரண்டு பேர் அடுத்த ஆண்டு தங்கள் திட்டக் கட்டுரைக்கு மீன் ஏலக்கூடத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

பழைய மாணவர்கள், அதுவும் படிப்பை முடித்து ஐந்து முதல் பத்து ஆண்டு ஆனவர்கள், மிக நல்ல தேர்வு. முப்பது ஆண்டுக்கு முன் படித்தவர் சொல்லும் வேலைச் சந்தை இன்று இல்லை. போன வருடம் படிப்பை முடித்தவருக்குச் சொல்ல இன்னும் விஷயம் சேர்ந்திருக்காது.

பிரபலங்களை அழைத்தால் அரங்கம் நிரம்புமே?

நிரம்பும். செல்ஃபி எடுக்கும் வரிசையும் நீளும். ஆண்டு விழாவுக்கு அது போதும்.

தன்னம்பிக்கைப் பேச்சாளர்களைப் பற்றி மாணவர்கள் அதிகம் கேட்கிறார்கள். என் கருத்து கொஞ்சம் கடுமையானது. கைதட்டல் வாங்கும் அதே நான்கு கதைகளை ஊர் ஊராகச் சொல்கிறவரின் பேச்சு, அவர் கார் ஏறும்போதே கரைந்துவிடுகிறது. தன் தொழிலைப் பற்றித் திக்கித் திணறிப் பேசுகிறவரே மேல்.

இதற்கு விதிவிலக்காக அப்துல் கலாமைச் சொல்வார்கள், சரிதான். ஆனால் அவர் கூட்டங்களில் பேச்சுக்கு ஈடாகக் கேள்விகளுக்கும் இடம் இருந்தது என்பதைக் கவனியுங்கள். குடியரசுத் தலைவர் பதவிக்குப் பிறகும் கல்லூரி கல்லூரியாகப் போய்க்கொண்டே இருந்தார். 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங் ஐ.ஐ.எம். மாணவர்களிடம் பேசிக்கொண்டிருந்தபோதுதான் மேடையிலேயே சரிந்தார்.

இதில் பேச்சாளருக்கு என்ன ஆதாயம்? எங்களைப் போன்ற கல்லூரிக்கு அவர் ஏன் வர வேண்டும்?

பல பேர் ஆள் தேடி வருகிறார்கள். இதுவும் புதிதல்ல. 1914 தொடக்கத்தில் கேம்பிரிட்ஜிலிருந்து இ.எச். நெவில் என்ற இளம் கணித ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வகையீட்டு வடிவியல் பற்றித் தொடர் உரை நிகழ்த்த வந்தார். அழைப்பிதழ்க் கணக்கில் அவர் வந்த வேலை அதுதான். கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டி அவரிடம் இன்னொரு பொறுப்பையும் கொடுத்து அனுப்பியிருந்தார்: ராமானுஜனைப் பார்த்து, எப்படியாவது கேம்பிரிட்ஜ் வரச் சம்மதிக்க வைக்க வேண்டும். அதற்கு முன் கடல் கடக்க மறுத்திருந்தவர் ராமானுஜன். நெவில் அவரைச் சந்தித்துப் பேசினார், நோட்டுப் புத்தகங்களைப் பார்த்தார், பல்கலைக்கழகத்துக்கும் கடிதம் எழுதினார். ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை ஏற்பாடாகி, அந்த ஆண்டு மார்ச் 17 அன்று ராமானுஜன் கப்பல் ஏறினார். நெவில் நிகழ்த்திய வடிவியல் உரையை இன்று எத்தனை பேர் நினைவில் வைத்திருப்பார்கள்?

உங்கள் விருந்தினரும் நல்ல பயிற்சி மாணவரைத் தேடிக்கொண்டிருக்கலாம். சிலர் படித்த ஊரைப் பார்க்கும் ஆசையில் வருவார்கள். சிலருக்குத் தம் வேலையைப் பற்றி யாராவது காது கொடுத்துக் கேட்டாலே போதும்.

எப்படி அழைப்பது? எத்தனை நாள் முன்பு?

ஒரு மாதம் முன்பு போனில் பேசுங்கள், பிறகு துறைத் தலைவர் கையெழுத்தோடு கடிதம் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு மாதிரி அழைப்பு அனுப்பாதீர்கள். கடிதத்தில் தேதி, நேரம், இடம் தவிர இரண்டு விஷயம் கட்டாயம் இருக்க வேண்டும். ஒன்று, கேட்கப்போகிறவர்கள் யார்: எந்த ஆண்டு, எந்தத் துறை, எத்தனை பேர், தமிழ்வழியா ஆங்கிலவழியா. இரண்டு, உரைக்குப் பிறகு மாணவர்களோடு உட்கார்ந்து பேச அரை மணி நேரம் ஒதுக்க முடியுமா என்ற வேண்டுகோள். இதை முன்கூட்டியே கேட்கவில்லையென்றால் அவர் நான்கு மணி ரயிலுக்கு டிக்கெட் போட்டிருப்பார்.

உள்தேர்வு வாரத்தில் வைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை மதியமும் வேண்டாம். விடுதி மாணவர்கள் பையைக் கட்டி வைத்துவிட்டுத்தான் வந்து உட்காருவார்கள்.

மதிப்பூதியம் எவ்வளவு கொடுக்க வேண்டும்?

உங்கள் கல்லூரியின் விதி என்னவோ அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தொகை சின்னதாக இருப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. சொல்லாமல் இருப்பதுதான் சங்கடம். பயணச் செலவை அன்றே கையில் கொடுங்கள். “பில் பாஸ் ஆனதும் அக்கவுண்ட்டில் போட்டுவிடுவோம் சார்” என்று சொல்லிவிட்டு மூன்று மாதம் இழுக்காதீர்கள். மீனவர் அண்ணாச்சி போன்றவருக்கு அன்றைய நாள் வேலை போகிறது. பேராசிரியருக்குக் கொடுக்கும் அதே தொகையை அவருக்கும் கொடுக்க வேண்டும். அதில் விவாதமே கிடையாது.

நிகழ்ச்சி நிரல் எப்படி இருக்க வேண்டும்?

இப்போது இருப்பது போல் இருக்கக் கூடாது. வழக்கமான ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்கு என்று போட்டிருக்கும். பத்தே கால் வரை நிர்வாகிக்காகக் காத்திருப்பு. பிறகு தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு (மின்விசிறிக் காற்றில் திரி அணைந்து அணைந்து மூன்று நிமிடம்), வரவேற்புரை, தலைமையுரை, இரண்டு வாழ்த்துரை, விருந்தினர் அறிமுகம், பொன்னாடை, நினைவுப் பரிசு, மரக்கன்று. விருந்தினர் மைக்கைப் பிடிக்கும்போது மணி பதினொன்று பத்து. பதினொன்றரைக்கு ஒருவர் மேடையின் பக்கவாட்டில் நின்று கடிகாரத்தைக் காட்டுவார். கேள்வி நேரம் “காலத்தின் அருமை கருதி” ரத்து. அப்புறம் நன்றியுரையில் மைக்செட்காரர் வரை பெயர் சொல்லி முடிக்க எட்டு நிமிடம்.

மரியாதை வேண்டாம் என்று சொல்லவில்லை. தமிழ்த்தாய் வாழ்த்து, இரண்டு நிமிட வரவேற்பு, ஒரு பொன்னாடை போதும். தலைமையுரையைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள்; உரையைக் கேட்ட பிறகு பேசும் முதல்வர் உருப்படியாக ஏதாவது சொல்ல வாய்ப்பு உண்டு. விருந்தினரின் அறிமுகத்தை அவர் அனுப்பிய நான்கு பக்கத் தன்விவரத்திலிருந்து வாசிக்காமல், ஒரு மாணவர் ஐந்து வரியில் சொந்தமாக எழுதிச் சொல்லட்டும். எழுதுவதற்காக அவரைப் பற்றிப் படித்திருப்பாரே, அதுவே ஒரு தயாரிப்பு. உரை நாற்பது நிமிடம், கேள்வி முப்பது நிமிடம், பிறகு டீ. டீ நேரத்தில் விருந்தினரை முதல்வர் அறைக்குக் கடத்திக்கொண்டு போகாதீர்கள். முதல்வர் வேண்டுமானால் மாணவர்கள் இருக்கும் இடத்துக்கு வந்து டீ குடிக்கட்டும்.

“கேள்வி இருக்கிறதா?” என்று கேட்டால் யாருமே எழுந்திருப்பதில்லையே, என்ன செய்வது?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். மாணவர்களிடம் கேள்வி இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஐந்நூறு பேர் முன்னால் எழுந்து நின்று, மைக் கைக்கு வரும்வரை காத்திருந்து, தப்பாகக் கேட்டால் பின்வரிசை ஊளையிடும் என்ற பயத்தோடு பேசுவது எளிதல்ல. பள்ளிக்கூடம் முழுக்கப் பதில் சொல்லித்தான் பழக்கம். யாரும் கேட்கப் பழக்கவில்லை.

எங்களுக்குப் பலன் தந்தது இவ்வளவுதான். உரைக்கு இரண்டு நாள் முன்பு அந்த வகுப்பில் பத்து நிமிடம் ஒதுக்கி, வரப்போகிறவர் யார், என்ன செய்கிறார் என்று சொல்லி, ஆளுக்கொரு கேள்வி எழுதி வாங்குங்கள். அதில் நல்லதாக ஐந்தாறைத் தேர்ந்து எழுதியவரிடமே திருப்பிக் கொடுத்து, நீதான் கேட்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். முதல் இரண்டு கேள்வி வந்துவிட்டால் மற்றவை தானாக வரும். அரங்கில் துண்டுச் சீட்டும் சுற்றில் இருக்கட்டும். பெயர் எழுதத் தேவையில்லை. சம்பளம் எவ்வளவு, லஞ்சம் கேட்டார்களா, சாதி பார்த்தார்களா, இந்த வேலையை விட நினைத்தது உண்டா போன்ற கேள்விகள் சீட்டில்தான் வரும். அவற்றைத் தணிக்கை செய்யாமல் படித்துவிடுங்கள். பதில் சொல்வதா வேண்டாமா என்பதை விருந்தினர் பார்த்துக்கொள்வார், அவர் சின்னக் குழந்தை இல்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் கேட்டதை “அதாவது சார், அவன் கேட்க வர்றது என்னன்னா” என்று மொழிபெயர்க்க வேண்டாம். “நல்ல கேள்வியாக் கேளுங்கப்பா” என்று ஊக்குவிப்பதாக நினைத்துச் சொல்வதும் வேண்டாம். கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர் அதோடு கையைக் கீழே போட்டுவிடுவார்.

ஆங்கிலத்தில் பேசச் சொல்லலாமா?

கேட்பவருக்கு எது புரியுமோ அதில். தொழில்நுட்பச் சொற்கள் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும், வாக்கியம் தமிழில் ஓடட்டும். எங்கள் மாணவர்கள் வீட்டில் பேசுவதும் அப்படித்தான். வெளிமாநிலத்தவர் வந்தால் ஒரு மாணவர் பக்கத்தில் நின்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தமிழில் சுருக்கிச் சொல்லலாம். அந்த மாணவருக்கு அது தனிப் பயிற்சி. கேள்வியை மட்டும் எந்த மொழியிலும் கேட்கலாம் என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள்.

அட்டெண்டன்ஸ் போட்டுக் கட்டாயமாக உட்கார வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் உட்கார்ந்திருப்பவர் போனைத்தான் பார்ப்பார். இருநூறு பேரை அடைத்து வைப்பதைவிட விரும்பி வரும் நாற்பது பேர் போதும் என்பது என் கட்சி. எதிர்க்கட்சியும் உண்டு: முதல் தலைமுறை மாணவர் தானாக வர மாட்டார், இழுத்து வந்து உட்கார வைத்தால் எங்காவது ஒரு வார்த்தை பிடித்துக்கொள்ளும் என்பார்கள். முதலாம் ஆண்டுக்கு மட்டும் அதை ஏற்றுக்கொள்கிறேன்.

ஜூமில் நடத்தினால் செலவு மிச்சமில்லையா?

கொரோனாக் காலத்தில் வெபினார் மழையில் நனைந்தோம். இ-சர்டிபிகேட் சேர்த்தவர்களுக்கு அது நினைவிருக்கும். அமெரிக்காவில் இருக்கும் பழைய மாணவரை இணையத்தில் அழைப்பது நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் திரையில் வருபவரைக் கை கழுவும் இடத்தில் தனியாகப் பிடிக்க முடியாது. இணையத்தில்தான் முடியும் என்றால் பத்துப் பதினைந்து பேர் கொண்ட சிறு குழுவாக, எல்லோரும் கேமராவை இயக்கி வைத்துப் பேசுவதாக ஏற்பாடு செய்யுங்கள்.

இதெல்லாம் ‘நாக்’ மதிப்பெண்ணுக்காக நடக்கும் சடங்கு என்று மாணவர்கள் கிண்டல் செய்கிறார்களே?

பாதி உண்மை. கல்லூரிகளை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக்கின் மதிப்பீட்டுக்கு அறிக்கை, வருகைப் பதிவு, ஜியோடேக் செய்த புகைப்படம் எல்லாம் கோப்பில் இருக்க வேண்டும். அதனால் பேச்சின் நடுவே ஒருவர் போனைத் தூக்கிக்கொண்டு முன்வரிசைக்கு வந்து, பேனர் முழுதாகத் தெரிகிறதா என்று பார்த்துப் படம் எடுப்பார். முதல் ஐந்து நிமிடத்தில் படத்தை எடுத்து முடித்துவிட்டால் கோப்பும் நிறையும், பேச்சும் கெடாது. அறிக்கையையும் மாணவர்களையே எழுதச் சொல்லுங்கள். “மாணவர்கள் பெரிதும் பயனடைந்தனர்” என்ற வரி மட்டும் அதில் வரக் கூடாது.

அரசுத் திட்டங்கள் ஏதாவது உதவுமா?

உதவும். தமிழ் இணையக் கல்விக்கழகம் ஒருங்கிணைக்கும் ‘மாபெரும் தமிழ்க் கனவு’ நிகழ்ச்சியில் ஒரு மாவட்டத்தின் பல கல்லூரி மாணவர்களை ஓரிடத்தில் சேர்த்துப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிச் சொற்பொழிவு நடத்துகிறார்கள். சிறந்த கேள்வி கேட்கும் மாணவர்களைப் பாராட்டும் வழக்கமும் அங்கே உண்டு. பேசியவரைத்தான் எங்கும் பாராட்டுவார்கள். கேட்டவரைப் பாராட்டுவது அபூர்வம். 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில் திறன் பயிற்சிகளுக்கு வெளிப் பயிற்றுநர்கள் வருகிறார்கள். அவர்களையும் வகுப்பு முடிந்ததும் அனுப்பிவிடாமல் ஒரு மாலை பிடித்து வைக்கலாம்.

ஒருவர் ஒரு நாள் வந்தால் போதாது, பருவம் முழுக்க வேண்டும் என்றால் யு.ஜி.சி. 2022-இல் கொண்டுவந்த ‘புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்’ வழி இருக்கிறது. தம் துறையில் 15 ஆண்டுகளாவது அனுபவம் உள்ளவரை பி.எச்டி. இல்லாமலே நியமிக்கலாம். அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது, மூன்று ஆண்டு வரை, தவிர்க்க முடியாத நிலையில் இன்னும் ஓராண்டு. இது நிர்வாகம் முடிவெடுக்க வேண்டிய விஷயம். மன்றச் செயலாளர் அதிகபட்சம் ஒரு மனு கொடுக்கலாம்.

அரசியல் பேசுபவர், பொருள் விற்க வருபவர் இவர்களை எப்படிச் சமாளிப்பது?

இரண்டையும் ஒன்றாகக் குழப்ப வேண்டாம். அரசியல் கருத்து உள்ளவர் வரலாம், மாணவர்கள் குறுக்குக் கேள்வி கேட்க இடம் இருக்கும்வரை. வாக்களிக்கும் வயது வந்தவர்களுக்கு அரசியலே காதில் விழக் கூடாது என்பது வேடிக்கை. விற்பனைதான் தொல்லை. “இலவச வழிகாட்டுதல்” என்று சொல்லி வந்து, கடைசியில் படிவம் கொடுத்துப் போன் நம்பர் வாங்கும் கோச்சிங் ஆட்களும் வெளிநாட்டுப் படிப்பு முகவர்களும் உண்டு. படிவம், நோட்டீஸ், கியூஆர் கோடு எதுவும் அரங்கில் கொடுக்கக் கூடாது என்று கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். அதைப் படித்ததும் சிலர் வேறு வேலை வந்துவிட்டது என்பார்கள்.

ஆசிரியர் இல்லாமல் மாணவர்களே நடத்த முடியுமா?

முடியும். சென்னை ஐ.ஐ.டி.யில் ‘எக்ஸ்ட்ரா மியூரல் லெக்சர்ஸ்’ என்ற சொற்பொழிவு வரிசையை மாணவர்களே நடத்துகிறார்கள். ஐ.ஐ.டி.க்கு யாரும் வருவார்கள் என்று சொல்வீர்கள். சரி, இன்னொன்று சொல்கிறேன். இதை நடத்தியவர் ஆசிரியர்தான், ஆனால் பெரிய வசதி எதுவும் இல்லாமல்.

1950களின் இறுதியில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த அல்லாடி ராமகிருஷ்ணன், மயிலாப்பூரில் தம் வீட்டிலேயே மாணவர்களுக்குக் கருத்தரங்கு நடத்தத் தொடங்கினார். தனி அரங்கமோ பெரிய நிதியோ கிடையாது. சென்னை வழியாகப் போகும் விஞ்ஞானிகளை வீட்டுக்கு அழைப்பார், சாப்பாடு போடுவார், மாணவர்களோடு பேச வைப்பார். 1960-இல் டென்மார்க் இயற்பியலாளர் நீல்ஸ் போர் வந்தபோது அந்தச் சிறு கூட்டத்தைப் பார்த்து வியந்து பாராட்டினார். அந்தப் பாராட்டு நேருவின் காது வரை போயிற்று. மாநிலக் கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம் முயற்சி எடுத்தார். 1961-இல் நேரு சென்னை வந்தபோது அந்த மாணவர்களைச் சந்தித்தார். 1962 ஜனவரி 3 அன்று கணித அறிவியல் நிறுவனம் தொடங்கப்பட்டது. விழா நடந்தது மாநிலக் கல்லூரியில். வந்திருந்த சிறப்பு விருந்தினர்களில் ஒருவர், முதல் பதிலில் சோமர்ஃபெல்டைத் தேடிப்போனாரே, அதே சந்திரசேகர்.

ஆக, வேண்டியது ஓர் அறை, பத்து நாற்காலி, ஊருக்கு யார் வருகிறார்கள் என்று காதைத் தீட்டி வைத்திருக்கும் இரண்டு மாணவர்கள். புத்தகக் கண்காட்சிக்கு எழுத்தாளர் வருகிறாரா, அரசு மருத்துவமனைக்குப் புது மருத்துவர் வந்திருக்கிறாரா, அகழாய்வுக் குழு பக்கத்து ஊரில் முகாமிட்டிருக்கிறதா? போய்க் கேளுங்கள். பத்துப் பேரிடம் கேட்டால் மூன்று பேர் வருவார்கள். முதல்வரிடம் அனுமதி வாங்குவதை மறந்துவிடாதீர்கள், வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்.

உரை முடிந்த பிறகு பேச்சாளரோடு தொடர்பில் இருப்பது எப்படி?

அவர் அனுமதித்தால் மின்னஞ்சல் முகவரியை மட்டும் பலகையில் எழுதுங்கள். போன் நம்பரை வகுப்புக் குழுவில் போட்டால் அன்று இரவே அறுபது “ஹாய் சார்” போகும், அடுத்த முறை அவர் வரமாட்டார்.

மின்னஞ்சல் அந்த வாரத்திலேயே போக வேண்டும். “வணக்கம் சார், எனக்கு வழிகாட்டுங்கள்” என்று எழுதினால் அவர் என்ன பதில் சொல்வார்? நீங்கள் யார், எந்த ஆண்டு, அவர் சொன்னதில் எது உங்களுக்குப் புதிதாக இருந்தது, அதையொட்டி நீங்கள் எதைத் தேடிப் படித்தீர்கள், எங்கே மாட்டிக்கொண்டீர்கள் என்று எட்டு வரி எழுதுங்கள். கேள்வி ஒன்றே ஒன்று இருக்கட்டும். தமிழில் எழுதத் தயங்க வேண்டாம். பிழையில்லாத தமிழ், தடுமாறும் ஆங்கிலத்தைவிட நன்றாகப் படிக்கப்படும். இரண்டு வாரத்தில் பதில் வரவில்லையென்றால் ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் வரவில்லையென்றால் விட்டுவிட்டு, அடுத்து வரப்போகிறவர் யார் என்று மன்றச் செயலாளரிடம் கேளுங்கள்.